கவுஞ்சிக் காற்றுக்கு ஒரு ரம்பம்

அம்மாவின் தம்பியான என் மாமா பள்ளிக்கூடத்தோடும் ஒட்டவில்லை, பூண்டு வயலோடும் ஒட்டவில்லை. எங்கள் மலையூரான கவுஞ்சிக்கு வந்த முதல் பெட்ரோல் ரம்பத்தோடுதான் ஒட்டினார்.

தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் அதை வாங்கி வந்தவர் மரக் கான்ட்ராக்டர். அதை ஓட்டும் வேலை மாமாவுக்கு. அடிவாரத்தில் துள்ளி ஓடிய மெஷின் எங்கள் ஊர் உயரத்துக்கு வந்ததும் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, மரத்தில் வைத்தால் பாதியில் நின்றது. கைரம்பம் இழுப்பவர்களுக்கு ஒரே சிரிப்பு. சனிக்கிழமை லாரியில் ஏற்றி வத்தலக்குண்டில் பழைய இரும்புக்குப் போட்டுவிடப்போவதாகக் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மெஷின் போனால் மாமா மறுபடி மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க முதலாளி. மெஷின்ல கோளாறு இல்ல. கீழ உள்ள காத்துக்குத் திருகி வச்சிருக்காங்க. இங்க காத்து லேசு. பெட்ரோலு கூடிப்போய் மூச்சு முட்டுது."

மாமா அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அன்றே மெஷினை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டார். ரம்பப் பல்லைத் தீட்டும் உருண்டை அரத்தாலேயே, புகை வெளியேறும் துவாரத்தை அராவிப் பெரிதாக்கினார். எதுவரை அராவலாம் என்பதற்கு அம்மாவின் கண்மையால் ஒரு கோடு. அதைத் தாண்டினால் உள்ளே ஓடும் பிஸ்டனின் வளையம் மாட்டி உடைந்துவிடுமாம். இரண்டு நாள் அராவியும் அந்தக் கோட்டை அவர் மயிரிழைகூடத் தாண்டவில்லை. பிறகு உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். புகை வெரசாப் போனால்தான் புதுக் காற்று உள்ளே வரும் என்று சொல்லி, சத்தத்தை அடக்கும் தகடுகளையும் கழற்றி எறிந்தார். மை டப்பா காலியானதற்கு அம்மா போட்ட சத்தம் தனி.

அதன் பிறகு மெஷின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மாமா பொத்தவில்லை. கார்புரேட்டர் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி, இடது காதை அதன்மேல் சாய்த்துக்கொண்டு நிற்பார். சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டுவார். முதலில் கரியாக இருந்தது, வியாழக்கிழமைக்குள் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. பெட்ரோல் அளவாக எரிகிறது என்று அர்த்தமாம். உலகத்திலேயே கெட்டிக்காரர் என் மாமாதான் என்று அன்று முடிவு செய்தேன், இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. சாப்பிட அம்மா நாலு தடவை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. மெஷின் கிறுக்கு பிடித்துவிட்டது என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை ஊருக்குக் கீழே ஒரே பருமனில் இரண்டு தைலமரங்களைப் பார்த்து வைத்தார்கள். ஒன்றுக்குக் கைரம்பக்காரர் இருவர், மற்றதற்கு மாமா. அவர்கள் கால்வாசி அறுப்பதற்குள் மாமாவின் மரம் சாய்ந்து மண் அதிர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மெஷினு இனிமே ஒம் பொறுப்புப்பா," என்றார் கான்ட்ராக்டர். மாமா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுபடி சொன்ன பிறகுதான் சிரித்தார்.

ரம்பத்தைத் தோளில் போட்டு மேடேறியவரை, மாமா மாமா என்று கத்தியபடி பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஜெயித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதையும் அவர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நானே தோற்றுப்போய், என்னையும் காட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டேன். எப்போதும் போலத்தான் பேசினேன்.

"ஏம் புள்ள, தொண்ட கட்டிருச்சா? ஒண்ணுமே கேக்கல," என்றார் மாமா.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன்.