பூத்த சணப்பை

எங்கள் காடு கிணத்துக்கடவுக்கு மேற்கே இருக்கிறது. கிணறு இல்லாத நான்கு ஏக்கர் செம்மண். வருடாவருடம் சோளம் விதைத்து, தட்டை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, மீதி மாதங்களில் மண்ணை வெறுமனே கிடக்க விடுவோம். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும்போது அந்த மண் கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும். சோறு நறநறக்கும். தலையணையைத் தட்டினால் சிவப்பாகப் புகையும். எங்கள் காடுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து போகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தினமும் கூட்டி வாரி வெளியே கொட்டினேன்.

போன வருடம் சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"சைட் போடறவங்களுக்குக் குடுத்துபோடலாம் அம்மணி. அந்த மண்ணுல இனி ஒண்ணுமில்லை."

அந்த வாரம் உக்கடத்தில் பஸ் ஏறியபோது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் காலடியில் விதை மூட்டை இருந்தது. என்ன விதை என்று கேட்டேன்.

"சணப்பைங்க. கோடை மழைக்கு விதைச்சு, பூவெடுக்கறப்ப அப்படியே மடக்கி உழுதுபோடோணும். மண்ணுக்கும் பசிக்குமில்லீங்க?"

அதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஊர் வரும்வரை தூக்கம் வரவில்லை.

ஒரு வருடம் மட்டும் பொறுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டேன். "விக்கற காட்டுக்கு எதுக்கு விதை?" என்றார். ஆனால் தடுக்கவில்லை. சித்திரை மழை பெய்த மறுநாள் டிராக்டரைக் கூப்பிட்டு உழவு ஓட்டி, விதையை மடியில் கட்டிக்கொண்டு நானே வீசினேன். அவர் வரப்பில்கூட வந்து நிற்கவில்லை.

சணப்பை வளர்ந்த வேகம் எனக்கே பயமாக இருந்தது. ஆனி பிறந்தபோது இடுப்புக்கு மேல் நின்றது. ஒரு காலையில் காடு முழுக்க மஞ்சள். காற்று வந்தபோது மண் கிளம்பவில்லை. பூக்கள்தான் அலையலையாகச் சாய்ந்து நிமிர்ந்தன. தேனீக்களின் சத்தம் சமையலறை வரை கேட்டது. வேலைக்கு நடுவே கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்ப்பேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும்.

அந்த நாட்களில் சாயந்திரமானால் வீட்டுக்காரரைக் காணோம். டீக்கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் மாட்டைப் பிடிக்கப் போனபோது, பூக்களுக்கு நடுவே அவருடைய தலைத்துண்டு தெரிந்தது. துண்டுக்கு மேல் இரண்டு பட்டாம்பூச்சிகள். சணப்பைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் சும்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட மனமில்லாமல் திரும்பிவிட்டேன்.

மடக்கி உழ வேண்டிய நாள் வந்தது. டிராக்டர்காரத் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இத்தனை பூவையுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் டிராக்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"வேண்டாம் அம்மணி. உட்டுரு. இந்தக் காடு இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை."

அவர் குரல் உடைந்திருந்தது.

"முத்திப்போனா தண்டு நாராயிருமுங்க. மண்ணுல மக்காது. இந்தப் பூவைப் பார்க்கவா விதைச்சோம்?" என்றேன்.

அவர் வேலியோரமாக நடந்து, நான்கு எட்டு வைக்கும் அகலத்துக்குக் காலால் கோடு கிழித்தார். "இதை உட்டுருங்க தம்பி. விதைக்காச்சு," என்றார். மீதிக்காடு மதியத்துக்குள் மண்ணுக்குள் போயிற்று. பச்சை வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. மறுநாள் காலையில் தேனீக்கள் வந்து, உழுத மண்ணின் மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தேநீர் குடித்தோம்.

புரட்டாசியில் நல்ல மழை. எப்போதும் எங்கள் காட்டுத் தண்ணீர் சிவப்பாக ரோட்டுக்கு ஓடும். அந்த முறை மண்ணே குடித்துக்கொண்டது. மழை விட்டதும் அவர் செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே நடந்தார். கணுக்கால் வரை கால் மண்ணில் இறங்கியது.

"இங்க வந்து காலை வெச்சுப் பாரு," என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மண் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மண்புழு என் விரலிடுக்கில் நெளிந்தது.

அந்த வாரம் காட்டை விலைக்குக் கேட்டு சைட்காரர் வந்தார். "சோளம் விதைக்கறமுங்க," என்று மட்டும் சொல்லி, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார் வீட்டுக்காரர்.

சோளம் மூன்று ஏக்கரில் என் தலைக்கு மேல் நின்றது. மேற்கு மூலையில் மட்டும் பழையபடி முழங்கால் உயரம்தான். அந்த மூலைக்கு இரண்டு போகம் சணப்பை வேண்டும் என்கிறார் அவர். எனக்கு அங்கே கொள்ளு போட்டுப் பார்க்க ஆசை. இன்னும் முடிவாகவில்லை.