காப்புறுதிக் கம்பனிக்குத் தமிழ் எழுதினேன்

மருத்துவக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் எழுதுவது, மீனின் மினுக்கத்தைப் புகழ்ந்துவிட்டு முள்ளைப் பற்றி வாயே திறக்காமல் விற்கிற வேலை. இதை வாசிக்கிற உங்களில் பலரிடம் அந்த அட்டை இருக்கும். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அதை நீட்டியிருப்பீர்கள். அங்கே நின்ற பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கதிரையைக் காட்டியிருப்பாள். அந்தக் கதிரையில் இன்னும் இருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலை கிடைத்த விதம்

நான் பரந்தனில் வீட்டோடு இருக்கிறவள். கிளிநொச்சியில் அந்தக் கம்பனி கிளை திறந்தபோது, ஒரு துண்டுப்பிரசுரத்தை எங்கள் படலையிலும் செருகிவிட்டுப் போனார்கள். தமிழ் என்றுதான் அச்சடித்திருந்தார்கள். கொழும்பில் யாரோ இங்கிலீசை அப்படியே கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். தலை இருந்த வசனத்துக்கு வால் இல்லை. கொன்வென்ற்றில் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: பிழையைக் கண்டால் கை சும்மா இராது. குசினி மேசையில் வைத்து முழுவதையும் திருத்தி, கிளைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மனேஜர் சுதன் என் மூத்த மகனின் வயதுக்காரன். இனிமேல் நீங்களே எழுதித் தாருங்கள், கூட்டங்களிலும் வந்து விளக்கிச் சொல்லுங்கள் என்றான்.

முதல் வேலையாக, அட்டை செல்லுபடியாகும் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அறிவித்தல் வந்தது. எல்லாம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்தன. நான் கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன்: இவற்றில் ஒன்றும் வன்னியில் இல்லை, ஆகவே நெஞ்சுவலி வருகிறவர்கள் பஸ் நேரத்தைப் பார்த்து வரவழைத்துக்கொள்ளவும். சுதன் சிரித்துக்கொண்டே வாசித்தான், சிரித்துக்கொண்டே வெட்டினான்.

"அன்ரி, இதை வாசிச்சால் ஆர் சேருவினம்? நானே சேரமாட்டன்."

அக்கராயனில்

அக்கராயனில் கமக்காரர் சங்க மண்டபத்தில் கூட்டம். விதைப்பு முடிந்த நேரம் என்றபடியால் ஆட்கள் வந்திருந்தார்கள். சேர்ந்து முதல் வருடம் முடியும்வரை ஒப்பரேசன் செலவு எதுவும் கிடைக்காது, விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும் என்று விளக்கினேன். பாம்புக்கடி எதில் சேரும் என்று ஒருவர் கேட்டார். விபத்தில் என்றேன். கிட்னியில் கல் வந்து வெட்டி எடுக்கவேண்டி வந்தால்? அது நோய், முதல் வருடம் கிடைக்காது என்றேன். கேட்டவர் வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேரே வந்திருந்த பெரியவர். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, ஆறுதலாக எழும்பினார்.

"அப்ப பிள்ளை, இந்த வருசம் பாம்பு எத்தினை கடிச்சாலும் காரியமில்லை, கல்லு மட்டும் வரக்கூடாது, என்ன?"

முள்ளிவாய்க்காலில் கேட்ட கேள்வி

முள்ளிவாய்க்காலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு பங்கு மண்டபத்தில் ஆள் சேர்த்தோம். சேருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இதற்கு முன் ஏதாவது நோய், ஒப்பரேசன், பெரிய காயம் உண்டா? நான்தான் கேட்டேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. எனக்கு அது புதினமாகப் படவுமில்லை. எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் ஆளைப் பாயில் போடவேண்டும். எழும்பித் தொழிலுக்குப் போகிறவன் சுகதேகி. எங்கள் வீட்டிலும் அதுதான் கணக்கு.

அந்தோனி என்று ஒரு கடற்றொழிலாளி, மனைவி திரேசாவோடு வந்திருந்தார். சொந்தப் படகு, சொந்த இஞ்சின். காப்புறுதி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது திரேசாதான். இவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேள்வியைக் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. விடியக் கடலுக்குப் போறன், வந்து படுக்கிறன். இதில வருத்தத்துக்கு எங்கை நேரம்?"

ஸ்கானில் கண்டது

முதல் வருடம் நல்லபடியாகக் கழிந்த பிறகுதான் அந்தோனிக்கு வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல், சீழும் பிடித்துவிட்டது. பட்டியலில் இருந்த யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உடனே ஒப்பரேசன் செய்தார்கள். முன்னதாக எடுத்த ஸ்கானில் கல்லோடு சேர்த்து, முதுகுப் பக்கம் ஒரு செல் துண்டும் தெரிந்தது. கடைசிச் சண்டையில் செல் வெடித்து ஏறிய இரும்பு, எங்கள் ஆட்கள் பீஸ் என்பார்கள். அதனால் ஒரு கெடுதலும் இல்லை, கிடக்கட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஸ்கான் கொழும்புக்குப் போனது. முன்பே இருந்த பாதிப்பை மறைத்தபடியால் ஒரு சதமும் தரமுடியாது என்று பதில் வந்தது. அதே நாளில், நலமே வளம் என்று ஒரு வாழ்த்தும் கம்பனியிலிருந்து அந்தோனியின் போனுக்கு வந்தது. அந்த வாழ்த்து நான் எழுதினது.

திரேசா முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி என் வீட்டைத் தேடி வந்தா. பில் கட்டாமல் ஆளை வீட்டுக்கு விடமாட்டார்களாம். இஞ்சினை வாங்குவதற்கு ஒருவன் ஏற்கனவே கரையில் நிற்கிறானாம். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன், அவா தொடவில்லை. அழவுமில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒளிச்சுப் போட்டாராம், அக்கா. முதுகில கிடக்கிற தழும்பை ஆர் ஒளிக்கிறது? அந்த மனுசன் கரையில ஒருநாளும் சட்டை போட்டதில்லை."

குசினியிலிருந்து கொழும்புக்கு

அடுப்பில் சோறு கிடக்க, தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். கன்னியாஸ்திரிகள் அடித்துப் பழக்கிய இங்கிலீசில் தொடங்கினேன். இங்கிலீசில் கோபித்தால் சில கதவுகள் திறக்கும் என்று நம்புகிற தலைமுறை நான். மறுமுனையில் இருந்த பொடியன் மரியாதையாகத் தமிழுக்கு மாறினான். பித்தப்பைக் கல்லுக்கும் செல் துண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஒத்துக்கொண்டான். அப்படியென்றால் கொடுங்கள் என்றேன். சொல்லாமல் விட்டது பிழை என்றான். அந்த ஊரில் அதை யாரும் சொல்கிற விஷயமாக நினைப்பதில்லை, பல்லு விழுந்ததை யார் போய்ச் சொல்கிறார்கள் என்றேன். விளங்குகிறது என்றான். அவனுக்கு எல்லாம் விளங்கியது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சரி, சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது, மேடம். நாங்கள் அவரைச் சேர்த்திருக்கவே மாட்டோம்."

சோறு அடிப்பிடித்துவிட்டது. இஞ்சின் அந்தக் கிழமையே போய்விட்டது.

தெளிவான அறிவித்தல்

பிறகுதான் கம்பனிக்கு ஞானம் பிறந்தது. வன்னியில் இப்படி நிறையப் பேர் மறைக்கிறார்களாம். ஆகவே உடம்பில் செல் துண்டோ துவக்குச் சன்னமோ இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஒரு தெளிவான அறிவித்தல் தேவையாம். தெளிவாக எழுதுவதற்கு வன்னியில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று சுதன் புகழ்ந்தான். தெளிவாகவே எழுதினேன்: உடம்புக்குள் இரும்பு இருப்பவர்கள் சேரவேண்டாம், சொன்னால் எடுக்கமாட்டோம், சொல்லாவிட்டால் கொடுக்கமாட்டோம். இந்த முறை சுதன் சிரிக்கவில்லை. வெட்டவும் இல்லை. நீங்களே வாசியுங்கள் அன்ரி என்று மட்டும் சொல்லி, என்னை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனான்.

அதே முள்ளிவாய்க்கால், அதே பங்கு மண்டபம். நான் ஒலிவாங்கியில் வாசித்து முடித்தேன். சுதன் பாவம், சம்பளத்துக்கு நிற்கிறவன், செய்யவேண்டியதைச் செய்தான். உடம்பில் துண்டு ஒன்றும் இல்லாதவர்கள் மட்டும் முன்னுக்கு வாருங்கள், இன்றைக்கே சேரலாம் என்று அழைத்தான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் தன் தோளைத் தடவினான். ஒருவரும் எழும்பவில்லை. அந்தோனி பின்வரிசையில் இருந்தார். இப்போது இன்னொருவரின் படகில் கூலிக்குப் போகிறார், மெலிந்துபோனார். அவர்தான் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார், கோபமே இல்லாமல்.

"தம்பி, பீஸ் இல்லாத ஆக்கள்தான் வேணுமெண்டால், அடுத்தமுறை கொழும்பிலயிருந்து கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ."

அதற்குப் பிறகு கம்பனி என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. ஆனால் இத்தனை அறிவித்தல் எழுதியதில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: வன்னியில் யாராவது உங்களை வழியில் கண்டு சுகமோ என்று கேட்டால், ஓம் என்று சொல்வதற்கு முன் ஒரு ஸ்கான் எடுத்துவிடுவது புத்தி.