நாயைச் சொல்ல மறந்த ஜெபம்

கர்த்தர் என் மகளுக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

என் மகள் அக்ஸாவுக்கு ஒன்பது வயது. போன ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம், சீருடை போட்டுத் தலை பின்னி கேட் வரைக்கும் வந்தாள். ஸ்கூல் வேன் ஹாரன் அடித்ததும் அங்கேயே வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் கேட் வரைக்கும்கூட வரவில்லை. கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் போவல்ல அம்மா, பேடியா இருக்கு" என்று அழுதாள். எதற்குப் பயம் என்று கேட்டால் பதில் கிடையாது. மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து கூப்பிட்டு, இப்படியே போனால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் மலையாள எல்லையில், பாறசாலைப் பக்கத்துத் தமிழ் ஆட்கள். கரமனையில் ஆற்றங்கரை ஓரமாக வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கழக்கூட்டத்து ஐ.டி. ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். நான் பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பிள்ளைக்கு வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஊரிலிருந்து நாத்தனார் போனில், "ஒத்தப் பிள்ளைன்னு செல்லம் குடுத்துக் கெடுத்துப் போட்டிய" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக் கூட்டம் நடக்கும். அதை நடத்துகிற ரோஸ்லெட் அக்காள் பிள்ளையின் தலையில் கை வைத்து, "இது பயத்தின் ஆவியாக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தனக்குள்ளே என்னவோ குடியிருக்கிறது என்று என் பிள்ளை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து பாத்ரூமுக்கும் தனியாகப் போகவில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் மூத்தவர், ஜெபிக்கிறவர் என்று வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அந்த ஆத்திரத்தைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொட்டினேன். வகுப்பு டீச்சர்தான் மிரட்டியிருக்க வேண்டும் என்று சத்தம் போட்டேன். பாவம், அவர் கண் கலங்கி, "சேச்சி, இவிடெ ஆரும் அவளெ வழக்கு பறஞ்ஞிட்டில்லா" என்றார். யாரும் திட்டவில்லையாம். நான் நம்பவில்லை.

மறுநாள் கடையில், துணிக்கட்டுகள் அடுக்கியிருக்கும் அறையில் போய் நின்றேன். முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். "ஆண்டவரே, சுகம் தாரும், சுகம் தாரும் என்று கேட்டு என் வாய் ஓய்ந்துபோயிற்று. இனி அதைக் கேட்கமாட்டேன். என் பிள்ளையை இப்படிப் பயமுறுத்தியது யார்? அந்த ஆளைக் காட்டும்." ஆள் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்றுகூட மனதில் வைத்திருந்தேன்.

அந்த வாரமே கர்த்தர் காட்டினார்.

கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான மனநல டாக்டரிடம் போனோம். டாக்டர் ஒரு பெண். எங்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, அக்ஸாவிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து, "மோளுக்கு எந்தினயா பேடி?" என்றார். எதற்குப் பயம் என்றுதான் அவரும் கேட்டார். எங்களிடம் வாய் திறக்காத பிள்ளை, பென்சிலைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள். கையைக் கூப்பினாள்.

"அப்பாக்க வேன்ல லாரி இடிக்காம காத்துக்கொள்ளும். ஆறு பொங்கி வீட்டுக்குள்ள வராம காத்துக்கொள்ளும். கரண்ட் கம்பி அறுந்து விழாம காத்துக்கொள்ளும். பிள்ளைய ஆரும் பிடிச்சோண்டு போவாம காத்துக்கொள்ளும். அம்மைக்கு நெஞ்சுவலி வராம காத்துக்கொள்ளும். தெருநாய் கடிச்சுக் கொல்லாம காத்துக்கொள்ளும். ஆமென்."

தினமும் சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபத்தில் நான் ஏறெடுக்கிற ஜெபம் அது. வரிசைகூட மாறவில்லை. நான் மூச்சு விடுகிற இடத்தில் அவளும் மூச்சு விட்டாள்.

டாக்டர் அவளிடம், பள்ளி திறந்தபோது ஏன் போகவில்லை என்று கேட்டார். அக்ஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முந்தின நாள் ஜெபத்துல அம்மா நாயைச் சொல்ல மறந்துட்டா."

சொல்லாமல் விட்டது நடந்துவிடும் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஜெப நேரத்தில் பாயில் உட்கார்ந்து, அம்மா எதையாவது விடுகிறாளா என்று எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். கடவுளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஆனால் பிள்ளையின் காதில் வேண்டாம். அவளுக்குப் பதிலாக நீங்கள் ஒவ்வொன்றையும் செய்யாதீர்கள். சின்னச் சின்ன காரியத்தை அவளே செய்யட்டும். பயமே இல்லாதவள்போல நடிக்கவும் வேண்டாம். பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்யலாம் என்பதை அவள் உங்களிடம் பார்க்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ரோஸ்லெட் அக்காள் வழக்கம்போல வந்தார். பாலராமபுரத்தில் ஒரு தாயும் பிள்ளைகளும் பைக்கோடு லாரிக்கு அடியில் போனதை, ரத்தம் ஓடியது வரைக்கும் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினார். அக்ஸா என் பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அத நிறுத்துங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "ஜெபத்தையா நிறுத்தச் சொல்லுத?"

"ஜெபத்த இல்லக்கா. செய்தி வாசிக்கியளே, அதத்தான் நிறுத்தச் சொல்லுதேன்."

அடுத்த வாரத்திலிருந்து கூட்டம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. நான் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேன் என்று பேச்சு. பேசட்டும். டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்ததையெல்லாம் ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்துப் பிள்ளைகளின் தலையில் கொட்டுகிறோம். பிறகு பிள்ளை நடுங்கினால் ஆவி என்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது என் பயங்களை அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் சொல்கிறேன். அது ஒன்றும் குறைந்துவிடவில்லை. மழை வலுத்தால் இன்னும் ஆற்றைத்தான் பார்க்கிறேன். ஆனால் குடும்ப ஜெபத்தில், அன்றைக்கு நடந்ததற்கு மட்டும் நன்றி சொல்கிறோம். முதலில் அக்ஸா விடவில்லை. "நாய், நாய்" என்று என் புடவையை இழுத்தாள். சொல்லாமலே படுத்தோம். விடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இப்படிப் பல நாள் விடிய வேண்டியிருந்தது.

டாக்டர் சொன்னபடி, தெருமுனைக் கடைக்குத் தோசை மாவு வாங்க அனுப்பினேன். அவள் திரும்பி வரும்வரை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைக் கர்த்தர் ஒருவரே அறிவார். பின்னாலேயே ஓடிப்போகாமல் இருக்க எனக்குப் பெலன் கொடுத்தாரே, அதுவே எனக்குப் பெரிய அற்புதம். பிறகு மெல்லப் பள்ளிக்கும் அனுப்பத் தொடங்கினோம். ஜூலை மழையில் ஒரு வாரம் மறுபடியும் வாந்தி எடுத்தாள். விட்டுவிடவில்லை. ஓணப் பரீட்சையை வகுப்பில் உட்கார்ந்து எழுதினாள். நான் அந்த டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஓண லீவில் ஒரு சாயங்காலம், இன்றைக்கு நான் ஜெபிக்கிறேன் என்றாள் அக்ஸா. பழைய வரிசை வந்துவிடுமோ என்று பயந்தேன். அவள் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இன்னைக்கு மாவு வாங்கப் போவும்ப நாய் வந்திச்சு. நான் பேடிச்சேன். ஓடல்ல, அங்கயே நின்னேன். அது மோந்து பாத்திட்டுப் போச்சு. மாவு கீழ விழல்ல. நன்றி. ஆமென்."

நானும் அவள் அப்பாவும் சேர்ந்து ஆமென் சொன்னோம். ஆளைக் காட்டும் என்று கேட்டேன், காட்டினார். அந்த ஆளைத் தண்டிக்காமல் திருத்தவும் செய்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, நீங்களும் அவரை நம்பி அப்படிக் கேளுங்கள். அவர் காட்டுவார். ஆனால் இன்று சாயங்காலம் கண்ணை மூடுவதற்கு முன்னால், பாயில் உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.