எரிமலைக் குகையில் எசேத்தா

என் நாத்தனார் எசேத்தாவுக்குப் பயப்படக் காரணமே வேண்டாம். கதவு காற்றில் அடித்தால் பயம், லாரி போய்த் தரை அதிர்ந்தால் பயம், விளக்கை அணைத்தால் பயம். டோங்காவில் கடலுக்கடியில் எரிமலை வெடித்த அன்று, அவள் இருந்த சின்னத் தீவின்மேல் கடல் ஏறி வந்தது. இரவு முழுக்கச் சாம்பல் மழையில் ஒரு மாமரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாளாம். அதற்கப்புறம்தான் ஆக்லாந்துக்கு எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மெஷின் உறுமினால் போர்வை மடிக்கிற கை அப்படியே நின்றுவிடும்.

எனக்கு அவள்மேல் எரிச்சல் உண்டு, மறைப்பானேன். வயதில் என்னைவிடச் சின்னவள். ஆனால் எங்கள் டோங்கா ஆட்களிடம், அண்ணன் வீட்டில் தங்கை வைத்ததுதான் சட்டம். என் மகளுக்குப் பெயர் வைத்ததே அவள்தான். அண்ணனும் தங்கையும் வளர்ந்தபின் ஒரே அறையில் உட்காரமாட்டார்கள், எதிரெதிரே சாப்பிடமாட்டார்கள், தொடமாட்டார்கள். இருட்டில் ஓரிடத்தில் இருப்பதா? கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்! அவ்வளவு மரியாதை. நடுவில் தபால்காரி வேலை எனக்கு.

சர்ச்சில் எல்லாரும் ஆக்லாந்துக்கு எதிரே இருக்கும் ரங்கிடோட்டோ எரிமலைத் தீவுக்குப் போகலாம் என்றபோது என் வீட்டுக்காரர் செமிசி மெல்ல ஆரம்பித்தார்.

"ஃபூசி, அவளையும் கூட்டிக்கிட்டு வா."

"எரிமலைக்கா? நல்லா இருக்கு போங்க. படகுலேயே உசுரு போயிடும் அவளுக்கு."

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கா. நான் சொன்னேன்னு சொல்லாத."

படகில் அவர் மேல்தளத்தில், நாங்கள் கீழே. எசேத்தா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"அண்ணி, அந்த மலை செத்துப்போச்சா, தூங்குதா?"

"நம்ம பாதிரியார் பிரசங்கம் கேக்கறவங்க மாதிரி தூங்குது. பேசாம வா."

அவள் சிரிக்கவில்லை. இறங்கியதிலிருந்து கரும்பாறையைச் சூடு பார்ப்பதுபோல் காலால் தொட்டுத் தொட்டுத்தான் நடந்தாள். அதனால் பின்தங்கிப்போனாள். உச்சிக்குப் போகும் வழியில், எரிமலைக் குழம்பு ஓடி உண்டான குகை ஒன்றுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தடியில் நாங்கள் சாப்பாட்டைப் பிரித்தோம். செமிசி சர்க்கரை நோயாளி. வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சேம்பிலையில் சுட்ட ஆட்டுக்கறிப் பொட்டலத்தை எடுத்தார். அந்த நேரம் பார்த்து எசேத்தா மூச்சிரைக்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடனே அவர் எழுந்துவிட்டார்.

"நான் அந்தக் குகையைப் பாத்துட்டு வரேன்," என்று டார்ச்சோடு நடந்தார். எட்டப் போய்ச் சாப்பிடுவார் என்று நானும் பேச்சில் இருந்துவிட்டேன்.

கடைசிப் படகுக்கு நேரமானது. என் பையை வாங்கிக்கொண்டு சர்ச் ஆட்களும் பிள்ளைகளும் துறைக்கு இறங்கிவிட்டார்கள், போனும் அதில் போய்விட்டது. பாயைச் சுருட்டும்போதுதான் பார்த்தேன். அவர் உட்கார்ந்த கல்லுக்குப் பின்னால் பொட்டலம், பிரிக்காமல் அப்படியே.  ஊசி போட்டிருக்கிறார், ஒரு வாய் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார்.

பாயில் மிஞ்சியிருந்த இனிப்புப் பானப் பாட்டிலை எடுத்துக்கொண்டு குகைக்கு ஓடினேன். ஓடினேன் என்ன, பாறையில் கால் பிசகி விழுந்து, எசேத்தாவின் தோளைப் பிடித்து நொண்டினேன். குகைவாய் ஒரு ஆள் குனிந்து போகும் அளவு. உள்ளே கொஞ்ச தூரத்தில் அது இன்னும் குறுகியது. என் உடம்பு அதில் மாட்டினால் இருவரையும் சேர்த்து அங்கேயே புதைக்க வேண்டியதுதான்.

"என்னங்க! செமிசி!"

காதைக் கொடுத்துக் கேட்டால், அடியிலிருந்து ஒரு முனகல். துறையில் படகு சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தில் எசேத்தா தரையோடு சுருண்டுவிட்டாள்.

"அண்ணி, நிலம் ஆடுது."

"ஆடறது நீதாண்டி! உங்கண்ணன் உள்ள செத்துக்கிட்டிருக்கார்!"

"இருட்டு அண்ணி. அண்ணன் இருக்கற இருட்டு. நான் எப்படிப் போவேன்?"

 அவளை அறையலாமா, காலில் விழலாமா என்று தெரியவில்லை. தேங்காய்ப்பாலும் தர்ப்பூசணியும் சர்க்கரையும் கரைத்த அந்தப் பாட்டிலை நீட்டினேன்.  அவள் அதைப் பார்த்தாள், வாங்கினாள், முழங்காலிட்டு உள்ளே ஊர்ந்தாள். ஜெபம் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஜெபம் நின்றுபோனது. என் உயிரும் நின்றது.

"அண்ணி! சில்லுன்னு இருக்கார். வேர்வை. டார்ச்சும் அணைஞ்சு கிடக்கு. கூப்பிட்டா அசையல."

"ஊத்தாத, புரையேறிடும்! விரல்ல தொட்டு ஈறுல தேய்! தலையத் தூக்கி மடியில வையி!"

அண்ணன் வாயில் தங்கை விரல். சொன்ன எனக்கே உடம்பு கூசியது. உள்ளே அவள் தேம்பும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் சங்கும் ஊதியாயிற்று. போகட்டும் படகு, இந்த மனுஷன் மூச்சு மட்டும் போகக்கூடாது என்று பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர் இருமினார். சப்பிக் குடிக்கும் சத்தம் வந்தது. அப்புறம் குழறலாக, "யாரு?"

 எசேத்தா தன் குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "நான்தாங்க, ஃபூசி."

நான் வெளியே வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எசேத்தா எங்க?"

"வெளிய நிக்கிறா."

"அவகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா. அன்னிக்கி மரத்தப் பிடிச்சிக்கிட்டு தனியாக் கிடந்தா. நான் இங்க வயிறாரத் தின்னுட்டுத் தூங்கிட்டிருந்தேன். அத நெனச்சா எனக்கு சோறு எறங்கறதில்ல."

"சொல்லமாட்டேங்க," என்றாள் அவள். 

பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு முதலில் அவள்தான் ஊர்ந்து வந்தாள். முட்டியெல்லாம் ரத்தம். "நீ இங்கயே நில்லு அண்ணி. நான் போய்ப் படகை நிறுத்தறேன்," என்று சொல்லி, அந்தக் கருங்கல் பாதையில் தனியாக ஓடினாள்.

செமிசி தவழ்ந்து வெளியே வந்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. குகையின் குறுகலைத் திரும்பிப் பார்த்தார், என் பருத்த உடம்பைப் பார்த்தார்.  மூன்றாம் சங்கு ஊதியது. அவரை எழுப்பி நடத்தப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் இரு ஃபூசி," என்றார். "முதல்ல அவ முகத்தக் கழுவிக்கட்டும்."