பிலோமினாவின் எஸ்ட்ரடையால் அளவு

கல்மண்டபத்தில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், எந்த எண்ணையும் ஒருமுறை பார்த்து நம்பியதில்லை. பிலோமினாவின் எஸ்ட்ரடையால் ரிப்போர்ட்டை மூன்று முறை பார்த்தேன்.

பிலோமினா மீன் விற்பவர். மாதவிலக்கு நின்று ஏழு வருடம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகும் உடலின் கொழுப்பில் எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் உருவாகும். அது கூடுதலாக இருந்தால் இந்தப் புற்றுநோய் வரும் அபாயமும் கூடுதல். பிலோமினாவின் கட்டி அந்த ஹார்மோனில் வளர்ந்த வகை. அந்த ஹார்மோனைக் குறைக்கத் தினம் ஒரு மாத்திரை. அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் டாக்டர் அனுப்பியிருந்தார். எண் தரையோடு தரையாக இருக்க வேண்டும். மாதவிலக்கு நிற்காத பெண்ணின் அளவுக்கு இருந்தது.

டியூப் மாறியதோ என்று சந்தேகப்பட்டேன். பெயர், வயது, நம்பர் சரி. மெஷினைச் சந்தேகப்பட்டேன். அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிள் சரியாக ஓடியது. ரிபீட் போட்டேன். அதே எண். டாக்டருக்குப் போன் செய்தேன்.

"மாத்திரை போடாம ஏமாத்துறாங்களோ? போடுறாங்கன்னா மருந்தையே மாத்தணும். புது சாம்பிள் எடுங்க" என்றார்.

மறுநாள் பிலோமினா வந்தார்.

"மாத்திரைய தினமும் போடுறீங்களாம்மா?"

"இன்னா நைனா, போலீசு கணக்கா கேக்குற? அந்த மாத்திரையால முடியெல்லாம் கொட்டிப் போச்சு. அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். முடி வளர்றதுக்குன்னு தனியா ஒரு மாத்திரை வேற முழுங்கினுகீறேன். நான் போடலன்றியா?"

ஊசியைக் கீழே வைத்தேன். "வேற மருந்து எதுவும் இல்லன்னு போன தடவை சொன்னீங்களே?"

"முடிக்குப் போடுறது மருந்தா? வைட்டமினுபா!"

சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். பயோட்டின், பெரிய டோஸ். எங்கள் மெஷின் சோதனைக்காக ரத்தத்தில் கலக்கும் ரீஏஜென்ட்டிலும் பயோட்டின் உண்டு. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் சோதனை குழம்பி, இல்லாத ஹார்மோனை இருப்பதாகக் காட்டும்.

பயோட்டினை ஒரு வாரம் நிறுத்திவிட்டுச் சோதிக்கச் சொன்னார் டாக்டர். அந்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதியில்லை. ஒருவேளை முதல் எண்ணே உண்மையாக இருந்தால்?

உண்மையில்லை. எண் தரைக்கு வந்திருந்தது. புற்றுநோய் மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

இளைய டெக்னீஷியன்களுக்குச் சொல்வேன்: மருந்து சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். வாயில் போடும் எல்லாவற்றையும் கேளுங்கள். சந்தேகத்தை டியூபில் தொடங்குங்கள். ஆளைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

ரிப்போர்ட்டை வாங்கிய பிலோமினா கதவருகே திரும்பி நின்றார்.

"கல்யாணத்துக்குச் சவுரி வச்சிக்கலாமா நைனா? இல்ல, அதுக்கும் உன் மெஷினு பேஜாரு பண்ணுமா?"