இருபத்திரண்டாயிரமே ஓடிய கரண்டு வண்டி

காலை ஆறு மணி பத்து நிமிடம். அக்கா வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டவை, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். வலது குதிகாலில் வெடிப்பு. முழங்கால் வரை ஏறிக் கிடந்த பச்சைக் கட்டம் போட்ட கைலி. தரகர் எனக்கு முன்பே வந்து, சாக்கை விரித்துப் படுத்து, வேலையைத் தொடங்கியிருந்தார்.

அத்தான் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அக்கா டீ டம்ளர்களோடு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் காலைப் பார்த்தாள்.

அது மின்சார மினி லாரி. எங்கள் பக்கத்தில் கரண்டு வண்டி என்றால் புரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒன்றரை ஏக்கர் கரிசலை விற்ற பணத்தில் அத்தான் வாங்கினார். பின்னால் திறந்த தொட்டி. அறுநூறு கிலோ ஏறும். தீப்பெட்டிப் பண்டல், கடலைமிட்டாய் அட்டைப்பெட்டி, அறுவடை நேரத்தில் உளுந்து, மக்காச்சோளம் என்று கோவில்பட்டியைச் சுற்றி ஓட்டினார். போன ஆடியில் அவருக்கு முதுகில் தட்டு விலகியது. ஓட்டவும் கூடாது, தூக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை கைமாற இருந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. அட்வான்ஸும் மிஷினும் சேர்த்து நான்கு லட்சம். தை முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி நான்குக்குப் போனால் அத்தான் கடையில் உட்காரலாம். அன்று தை இருபத்திரண்டு.

நான்குக்குப் போகும் என்று சொன்னது நான். இருபத்தாறு வருடம் பத்திரிகையில் இருந்தேன். பெரும்பாலும் சந்தை நிலவரம். பருத்தி, மிளகாய் வற்றல், உளுந்து என்று நேற்றைய விலையை இன்றைய காலைக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. அதனால் விலை சம்பந்தப்பட்ட எதையும் வீட்டில் என்னிடம்தான் கேட்பார்கள். வண்டி வாங்கிய வாரமே அத்தானிடம் சொன்னேன், பழைய வண்டிக்கு விலை நிற்பது கிலோமீட்டரில்தான், வீணாக ஓட்டிக் காட்டாதீர்கள் என்று. அவர் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். அதே வயது டீசல் வண்டிகள் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் ஓடியிருந்தன. இது இருபத்திரண்டாயிரம்.

தரகர் வெளியே வந்தார். தலைமுடியில் மண். அவருடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லக்கூடியவர் என்று ஊரில் பேர். மகன் மாட்டை விட்டு மினி லாரிக்கு வந்துவிட்டார். விலையை மட்டும் இன்னும் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் பேசுகிறார்.

"சேசிஸ்ல துரு இல்ல. டயரு நாலும் நல்லாருக்கு. தொட்டியில ஒரு நெளிவு கெடையாது" என்றார், டீயை வாங்கியபடி. "டீசல் வண்டின்னா இந்நேரம் சத்தத்தைக் கேட்டே விலையைச் சொல்லிருப்பேன் அண்ணாச்சி. இது ஊமை மாடு. பல்லும் வயித்துக்குள்ள இருக்கு."

"கிலோமீட்டரைப் பாத்தியளா பாய்?" என்றார் அத்தான்.

"பாத்தேன். பொண்ணு பாக்க வந்த வீட்டுல வச்ச பலகாரம் மாதிரி இருக்கு. தொட்ட மாதிரியே இல்ல."

அக்காவுக்கு அது பாராட்டாகப் பட்டது. "மழைக்காலத்துல வெளியவே எடுக்கமாட்டாவ பாய். ஐப்பசி பொறந்தா செட்டுக்குள்ள ஏத்திருவாவ. தை பொறந்துதான் எறக்குவாவ" என்றாள்.

அதில் பொய் இல்லை. ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டு வரை நிறைந்து, சக்கரம் சுற்றாது. காட்டு வேலைக்கு எந்த வண்டியும் போகாது. அந்த மாதங்களில் அத்தான் டவுனுக்குள் தீப்பெட்டிக் கம்பெனியின் டீசல் வண்டியைக் கூலிக்கு ஓட்டினார். சொந்த வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது.

தரகர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏத்தும்போது சார்ஜு எவ்வளவுல நிறுத்துவிய?"

"ஒரு சொட்டு இருக்காது" என்றாள் அக்கா. "சுத்தமா ஓட்டித் தீத்துட்டுத்தான் நிறுத்துவாவ. ஆயில் இன்ஜின்ல டீசலை வடிச்சிட்டுத்தான வைப்போம்? மருந்தடிக்கிற மிஷினையும் அப்படித்தான வைப்போம்? இடி மின்னல் நேரம் வேற, உள்ள கரண்டு கெடந்தா என்னத்துக்கு ஆகும்?"

தரகர் என்னைப் பார்த்தார். நான் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினேன்.

முதல் மழைக்காலம் முடிந்து பிளக்கில் மாட்டியபோது வண்டி எழுந்துகொள்ள ஒரு நாள் ஆனது. குளிர் என்று நினைத்தோம். இரண்டாவது மழைக்காலம் முடிந்து எழுந்துகொள்ளவே இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு ஆள் லேப்டாப்போடு வந்து, அரை நாள் உட்கார்ந்து எழுப்பினார். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி செத்துவிடும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். போகும்போது ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி அத்தானிடம் கையெழுத்து வாங்கினார். உரிமையாளர் வண்டியைச் சார்ஜ் இல்லாமல் நிறுத்தி வைத்திருந்தார் என்பது அதன் சாரம். நான் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நடந்தது நடந்தபடி இருந்தது. ஆட்சேபிக்க ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒரு வரியால் பேட்டரிக்கான வாரண்டி போய்விட்டது என்பது பிறகு, புதுப் பேட்டரிக்கு ஐந்து லட்சம் கேட்டபோது தெரிந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தில் நாற்பதாவது பக்கத்தில் எல்லாம் அச்சிட்டிருந்தது. மூன்றாவது மழைக்கு ஒழுங்காகச் சார்ஜ் போட்டு வைத்தோம்.

எட்டு மணிக்கு வாங்குபவர் வந்தார். எட்டயபுரம் பக்கத்து முட்டை வியாபாரி. ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. ஊர் ஊராகக் கடைகளுக்கு முட்டை போடுபவர். டீசல் விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் கரண்டு வண்டி தேடிக்கொண்டிருந்தார்.

"சத்தமும் இல்ல, ஆட்டமும் இல்ல. முட்டை பாட்டுக்குத் தூங்கும்" என்றார் தரகர்.

"முட்டை தூங்கட்டும் பாய். வண்டி தூங்காம இருக்கணும்" என்றார் வியாபாரி. "லோடு வச்சு ஓட்டிப் பாக்கணும். என் நடை எழுபது, எழுபத்தஞ்சு கிலோமீட்டரு வரும்."

கேட்டது நியாயம். ஒரு மண்டியில் பத்து மூட்டை மக்காச்சோளத்தை ஏற்றிக்கொண்டோம். அத்தான் பழக்க தோஷத்தில் ஒரு மூட்டையில் கை வைக்க, லோடுமேன் ஒருவர் "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்று விலக்கினார். கடம்பூர் வழியாக மணியாச்சி போய்த் திரும்புவது என்று முடிவானது. வியாபாரி ஓட்டினார். அத்தான் பக்கத்தில். தரகரின் மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் உட்கார்ந்தேன். புதிதில் இந்த வண்டி அதே லோடோடு நூற்றுப் பத்து கிலோமீட்டர் போனது எனக்குத் தெரியும். நான் கூடப் போயிருக்கிறேன்.

கடம்பூரில் வியாபாரி கண்ணாடியை இறக்கி, "அறுபத்தஞ்சு" என்று கத்தினார். சார்ஜ் நூறிலிருந்து கிளம்பியது. இருபது கிலோமீட்டர் வந்திருந்தோம். வண்டியை ஓரம் கட்டி அரை டஜன் போளி வாங்கிக்கொண்டார். "வண்டி வாங்குறனோ இல்லியோ, வீட்டுல போளி எங்கன்னு கேப்பா."

மணியாச்சி ரயில்வே கேட்டில் முப்பத்தெட்டு. கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பத்து நிமிடம் போனது. அத்தான் வண்டியின் டேஷ்போர்டை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி நான்கு கிலோமீட்டர் வந்திருப்போம். முப்பத்திரண்டு என்று காட்டியது ஒரேயடியாகப் பதினொன்று என்று காட்டியதாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போன வண்டி மெதுவானது மட்டும். நாற்பது கிலோமீட்டர் வேகம், முப்பது, பிறகு இருபது. கருவேலங் கட்டு வைத்த சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டிய பெரியவர் திரும்பிப் பார்த்து, "என்னவே, சாமி ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு டீக்கடை வரை அப்படியே வந்து நின்றோம். கடைக்காரம்மாவிடம் தரகர் பிளக்கு கேட்டார்.

"மனுசனுக்கு டீ, வண்டிக்குக் கரண்டாக்கும்?" என்றாள் அந்த அம்மா. "கிரைண்டரைக் கழட்டிட்டு மாட்டிக்கிடுங்க. வடை மாவு ஆட்டணும், பன்னெண்டு மணிக்கு மேல தரமாட்டேன்."

பன்னிரண்டு தாண்டிவிட்டது. இருந்தும் பிளக்கைக் கழற்றச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் அங்கே இருந்தோம். ரோட்டின் இரு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடித்த காடு. வியாபாரி போளிப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். சார்ஜை வடித்து நிறுத்திய கதையைக் காலையிலேயே அக்கா அவரிடமும் சொல்லியிருந்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

"அண்ணாச்சி வண்டிய ராசா மாதிரி வச்சிருக்காவ. கொற சொல்ல முடியாது" என்றார் தரகர், வெறும் கடமைக்கு.

"ராசாவாத்தான் வச்சிருக்காவ. பட்டினி போட்டுல்ல வச்சிருக்காவ" என்றார் வியாபாரி. உடனே அத்தான் முகத்தைப் பார்த்து, "தப்பா எடுத்துக்கிடாதிய அண்ணாச்சி. நான் வாங்கிருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். எங்க அப்பா ஆயில் இன்ஜின அப்படித்தான் வச்சிருந்தாவ" என்றார்.

அத்தான் தலையாட்டினார். "மச்சான்தான் சொன்னாரு, கிலோமீட்டரு ஏறாம வச்சுக்கிடணும்னு" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரியிடம் தன் பக்கத்துக்கு ஒரு சாட்சி காட்டுவதுபோலச் சொன்னார். சார்ஜை வடிக்கச் சொன்னது நானில்லை என்று ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. வடித்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். கடைசிச் சார்ஜ் தீர ஊரைச் சுற்றி வந்த இரண்டு வருடமும் வண்டியில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தவன் நான்தான்.

தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வியாபாரியின் கையையும் அத்தானின் கையையும் சேர்த்து மூடினார். துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. மாட்டுச் சந்தையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்கு. அன்று பக்கத்தில் நின்றவர்கள் நானும், மாவு ஆட்டக் காத்திருந்த அம்மாவும். அத்தான் துண்டைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கையை உருவிக்கொண்டார்.

"வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

"கேளுங்க. அவசரமில்ல" என்றார் வியாபாரி. கடம்பூர் வரை எங்களோடு வந்து, பஸ்ஸில் ஏறிப் போனார். அங்கிருந்து தரகர் வண்டியை ஓட்ட, அவருடைய மோட்டார் சைக்கிளை நான் ஓட்டினேன்.

வண்டி கோவில்பட்டிக்கு வந்து சேர மாலை நான்கு. மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு, தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரிப்போர்ட்டர் சார், வேற ஆளுக்குக் காட்டலாம். லோடு வைக்காம, நாலு தெரு சுத்திக் காட்டுனா மூணரை வாங்கிரலாம். ஆனா அக்கா எல்லாத்தையும் சொல்லிருதாவ." சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் அதைச் செய்யும் தெம்பு இல்லை. தரகு வேண்டாம், பெட்ரோலுக்கு மட்டும் கொடுங்கள் என்றார்.

வீட்டில் அக்கா விலையைக் கேட்டாள். அத்தான் ஒரு விரலைக் காட்டினார். பிறகு அடுத்த விரலைப் பாதி மடக்கிக் காட்டினார். ஒன்றரை.

"தொட்டிக்கும் டயருக்குமா?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்து, "இருபத்தாறு வருசம் பேப்பர்ல விலை எழுதுனியே தம்பி. கடைசில நம்ம வண்டிக்கு எழுதத் தெரியலயே" என்றாள். சொன்னவுடன் உள்ளே போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். ரசம் சூடாக இருந்தது.

ஒன்றரைக்கு விற்றால் கடையும் கிடைக்காது, வண்டியும் இருக்காது. விற்க வேண்டாம் என்று அத்தான் முடிவெடுத்தார். என்னிடம் கேட்கவில்லை. அடுத்த வாரம் தரகர் இன்னும் இரண்டு பேருக்குப் போன் செய்தார். ஒருவர் கரண்டு வண்டி என்றதும் வைத்துவிட்டார். மற்றவர் பேட்டரிக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டார். அத்தான் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மாசி முதல் வாரம் ஒரு மனுவை நகலெடுக்கத் தாலுகா அலுவலகப் பக்கம் போனேன். ஜெராக்ஸ் கடையில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். இளவயது, கைக்கு எட்டாததை எடுக்க நாற்காலியிலேயே உருண்டு போனார். நகல் தெளிவாக இருந்தது.

அத்தான் வெளியூர் லோடுகளை விட்டுவிட்டார். சார்ஜ் தாங்கும் தூரத்துக்குள் முடிகிற வேலையாக, ஊருக்குள் தண்ணீர் கேன் போடுகிறார். ஒரு நடைக்கு முப்பது கேன் ஏறும். ஒரு கேன் இருபது லிட்டர், தூக்கி இறக்குவதும் அவர்தான்.