பெரிய புள்ளியின் குடும்பம்

உரும்பிராய்ச் சந்தியில் தண்ணீர்ப் பம்பும் குழாயும் விற்கிற கேதீஸ்வரன் அண்ணைக்கு எங்கள் ஒழுங்கையில் "பெரிய புள்ளி" என்று பெயர். ஊரில் அவர் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் அட்டையில் புள்ளி சேர்ப்பதைக் கந்தசட்டி விரதம் போல விடாமல் பிடித்த மனிதர் அவர், அவ்வளவுதான்.

யார் வீட்டுக்குக் கறண்ட் பில் வந்தாலும் வாங்கிக்கொண்டு போய்த் தன் அட்டையால் கட்டுவார். பிறகு காசை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கலியாண வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்குச் சேலை எடுக்கப் போனால் கூடவே போவார். பெண்கள் இந்தக் கரை வேண்டாம், அந்த நிறம் வேண்டாம் என்று கடையைத் தலைகீழாக்கி முடிக்கும்வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கதிரையில் இருப்பார். பில் போடும்போது எழுந்து வந்து அட்டையை நீட்டுவார். "கலியாணத்துக்கு வராட்டிலும் பில் போடேக்கை வந்திடுவார்" என்று நானே எத்தனையோ தரம் நக்கலடித்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது.

எதற்காக இந்தப் புள்ளி என்று கேட்டால் சிரிப்பார். "சும்மா கிடக்கட்டும் தர்சி" என்பார். கஞ்சத்தனம் என்றுதான் நாங்கள் எல்லோரும் முடிவுகட்டி இருந்தோம்.

அவருடைய மனைவி குணலட்சுமி, எனக்குக் குணக்கா. பிள்ளைகள் இல்லை. குணக்காவுக்கு இந்த உலகத்தில் இரத்த உறவு என்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு அக்கா. ஜெயகௌரி அக்கா எண்பத்தேழில் கனடாவுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. முதலில் சண்டையால் வரமுடியவில்லை, பிறகு பிள்ளைகளின் படிப்பால் வரமுடியவில்லை, இப்போது சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். இனி அவரால் எங்கும் அசைய முடியாது. போன வருடம் இருதயமும் பலவீனம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் கையை ஒருதரம் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் குணக்காவின் ஒரே ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அக்காவோடு கதைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் ஒரு வேலையும் இல்லாமல் நிற்பார். அதைப் பார்த்தாலே விளங்கும்.

பெறாமகன், அந்த அக்காவின் மகன், டிக்கெட் போடுகிறேன் என்று எத்தனை தரம் சொல்லியும் குணக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தாயின்ரை வருத்தத்துக்கே அவனுக்குச் செலவு. நான் வேறை போய்க் கழுத்தை நெரிக்கிறதோ?" என்று மறுத்துவிட்டார். கேதீஸ் அண்ணை கடை வருமானத்தில் எடுத்துத் தருகிறேன் என்றால், "முதல் ஒழுகிற கூரையைப் பாருங்கோ" என்று வாயை அடைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் அண்ணை புள்ளி சேர்க்கத் தொடங்கினார் என்பது எனக்குச் சென்ற தை மாதத்தில்தான் தெரிந்தது. சும்மா வருகிற டிக்கெட்டுக்கு இந்த மனுசியால் என்ன சாட்டுச் சொல்லமுடியும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் கஞ்சன் என்று சிரித்தது இந்த மனிதரையா?

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். குணக்காவுக்குக் கனடா விசா வந்துவிட்டது, புள்ளியும் கணக்குக்கு வந்துவிட்டது. வங்கியில் இருக்கும் புள்ளியை விமானக் கம்பனிக்கு அனுப்பினால் அங்கே அது மைலாக மாறும். அந்த மைலைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அனுப்பினால் திருப்பி எடுக்க முடியாது என்று தொலைபேசித் திரையில் சிவப்பு எழுத்தில் கிடந்தது. அண்ணை விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"மைல் எண்டால் கட்டைதானே?" குணக்கா குசினிக்குள் இருந்து கேட்டார். "என்னைக் கட்டைக் கணக்கிலை அனுப்பப் போறாராம், பார் தர்சி."

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு மைல் ஒரு கட்டை. நக்கல்தான். ஆனால் கையில் கரண்டியோடு வாசல்வரை வந்து நின்றார். அண்ணை பொத்தானை அழுத்தினார்.

இரண்டு நாளில் மைல் வந்து சேர்ந்தது. டிக்கெட் எடுக்கக் கம்பனிக்குப் போன் எடுத்தபோதுதான் வினை. கொழும்பில் இருந்து ஒரு பெண்பிள்ளை ஸ்பீக்கரில் தேன் ஒழுகக் கதைத்தாள்.

"சேர், உங்க மைல்ஸ்ல உங்களுக்கோ இல்லாட்டி உங்க குடும்பத்து ஆக்களுக்கோ மட்டும்தான் டிக்கெட் போடலாம். உங்க பேமிலி நேம் தேவராசா. இவங்க பேமிலி நேம் சீவரத்தினம். ரெண்டும் வேறயா இருக்கே?"

"பிள்ளை, தேவராசா என்ரை அப்பா. சீவரத்தினம் அவவின்ரை அப்பா."

"அப்போ ஒரே பேமிலி இல்லையா சேர்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமக்கு எங்கே இருந்தது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு காலம் காலமாகச் சீவிக்கிறோம். பாஸ்போர்ட்காரன் அதைப் பிடித்துக் குடும்பப் பெயர் ஆக்கினான். இப்போது விமானக்காரன் அதை வைத்துப் புருசனையும் பெண்சாதியையும் பிரிக்கிறான். போனைப் பறித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று கையை நீட்டினேன். அண்ணை தரவில்லை. அவர் கோபப்படத் தெரியாத பிறவி.

"கலியாண சேர்ட்டிபிகேட் அனுப்புங்க சேர், சேர்த்துவிடலாம்" என்றாள் அவள்.

அண்ணை குணக்காவைப் பார்த்தார். குணக்கா நிலத்தைப் பார்த்தார். அப்படி ஒன்று அவர்களிடம் இல்லை.

அந்தக் கலியாணத்தை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டையில் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன நேரம். நாங்கள் எல்லோரும் மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். எனக்குப் பத்து வயது. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏற்கெனவே கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அடுத்த கிழமை யார் எங்கே இருப்போம் என்று தெரியாத நிலையில், குணக்காவின் அப்பா ஒரு காலையில் எழுந்து, இன்றைக்கே கட்டிவைப்போம் என்று சொல்லிவிட்டார். பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மஞ்சள் கயிற்றில் தாலி. குணக்கா கட்டியிருந்தது என் அம்மாவின் சேலை. ஊருக்குத் திரும்பிய பிறகு பதியலாம் என்றார்கள். திரும்பி வந்தபோது பதிவுக் கந்தோரும் இல்லை, கந்தோரில் இருந்தவர்களும் இல்லை. பிறகு மறந்துபோனது. பிள்ளைகள் இருந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாராவது கேட்டிருப்பார்கள். இவர்களிடம் அதைக் கேட்க யாரும் இருக்கவில்லை.

"அது ஒரு பிரச்சினையும் இல்லை. இப்ப பதியலாம், அறிவித்தல் போட்டுக் கொஞ்ச நாளிலை முடிஞ்சிடும்" என்றேன் நான், பெரிய உத்தியோகத்தர் மாதிரி. மறுநாள் படிவத்தையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

குணக்கா அதை வாசித்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். "இதென்ன? விவாகமாகாதவர் எண்டு போடவேணுமாம்?"

"சட்டப்படி அப்பிடித்தான் அக்கா."

"முப்பது வருசம் இவருக்குச் சமைச்சுப் போட்டிருக்கிறன். இவரின்ரை தாய்க்குக் கடைசிவரை பீ மூத்திரம் அள்ளினனான். பிள்ளையார் சாட்சியாக் கட்டின தாலி கழுத்திலை கிடக்குது. விவாகமாகாதவள் எண்டு கையெழுத்து வைச்சால், அண்டையிலை இருந்து இண்டைவரை நான் இந்த வீட்டிலை ஆர்?"

நான் நீட்டிய பேனையைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"அவ சொல்லுறது சரி" என்றார் அண்ணை. படிவத்தை மெதுவாக மடித்தார். "நீர் கையெழுத்து வைக்கவேண்டாம் குணம். மைல் போனால் போகட்டும்."

எத்தனை வருடத்துச் சேமிப்பு! எத்தனை சேலைக்கடைக் கதிரை! அவர் முகத்தில் கொஞ்சமும் வருத்தம் காட்டவில்லை. ஆனால் அடுத்தநாள் நான் கடைக்குப் போனபோது, கம்பனிக்குப் போன் எடுத்து, கோயில் ஐயரிடம் கடிதம் வாங்கித் தந்தால் சரிவருமா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சரிவராது என்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நிற்கும்போது அக்காவின் அழைப்பு ஸ்பீக்கரில் வந்தது. குணக்கா முறைப்பாடு மாதிரித்தான் எல்லாவற்றையும் சொன்னார். அக்காவும் தன் பக்கம் நின்று ஏசுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப உனக்குக் கலியாணம் நடக்கப்போகுதோ?" என்றார் ஜெயகௌரி அக்கா.

"உனக்குப் பகிடியோ அக்கா?"

"பகிடி இல்லையடி. எனக்கு இருக்கிறது ஒரு தங்கச்சி. உன்ரை கலியாணத்தை நான் பாக்கேல்லை. நடந்ததே ரெண்டு மாதம் கழிச்சுத்தான் கடிதத்திலை தெரியும். அண்டு முழுக்க வேலைக்குப் போகாமல் கிடந்து அழுதனான். இதையாவது எனக்குக் காட்டன்."

குணக்கா போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகவில்லை. நேரே அலுமாரிக்குப் போய் மடித்து வைத்த படிவத்தை எடுத்தார்.

பதிவு நடந்த நாளில் நானும், எதிர்க்கடைச் செல்வரட்ணம் மாமாவும் சாட்சிகள். தொலைபேசியைப் பிடிக்கிற வேலையும் எனக்குத்தான். அதில் ஜெயகௌரி அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். நோயாளி, கையில் ஊசித் தழும்புகள், ஆனால் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூவும் வைத்திருந்தார். பிளாஸ்ரிக் பூ. அங்கே அந்தக் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது? அதைக் கண்டதும் என் கண் கலங்கிவிட்டது, தொலைபேசியும் ஆடியது.

"ஆட்டாமல் பிடி பிள்ளை" என்று கனடாவில் இருந்து ஏச்சு வந்தது.

பதிவாளர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயர்களை வாசித்தார். தேவராசா கேதீஸ்வரன். சீவரத்தினம் குணலட்சுமி. பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஆரும் வற்புறுத்தேல்லைத்தானே அம்மா? உங்கடை சொந்த விருப்பத்தோடைதானே இவரைக் கலியாணம் முடிக்கிறியள்?"

குணக்கா கழுத்துத் தாலியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் காத்திருந்தோம். பதிவாளர் பேனையைக் கீழே வைத்தார். முப்பது வருடம் கூட இருந்த மனிதர், பெண் பார்க்கப் போன பெடியன் மாதிரி வியர்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு இதை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் குணக்கா. குரலில் கோபம் இல்லை. "அப்பா காலமை வந்து எழும்படி எண்டார். எழும்பிப் போனன். விருப்பமோ எண்டு அப்பாவும் கேக்கேல்லை, இவரும் கேக்கேல்லை."

"நான் கேட்டிருக்கவேணும்" என்றார் அண்ணை. "பயத்திலை கேக்கேல்லை. நீர் இல்லை எண்டிடுவீரோ எண்டு."

குணக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பதிவாளரிடம் திரும்பினார்.

"ஓம்" என்றார். "என்ரை விருப்பத்தோடைதான்."

தொலைபேசிக்குள் ஜெயகௌரி அக்கா விம்மி விம்மி அழுதார். அண்ணை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். செல்வரட்ணம் மாமா காரணமே இல்லாமல் கைதட்டினார்.

சான்றிதழை அனுப்பி மூன்றாம் நாள், விமானக் கம்பனியின் பக்கத்தில் அண்ணையின் பெயருக்குக் கீழே குணக்காவின் பெயரும் வந்தது. அண்ணை அதைச் சந்தியில் கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் காட்டினார். சித்திரை பிறந்து இரண்டாம் கிழமை குணக்கா பறந்தார். போய்ச் சேர்ந்த அன்றே ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா, பக்கத்தில் தங்கச்சி. ஊசி குத்தாத கையைக் குணக்கா தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். அண்ணை அதை என்னிடம் தந்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தனிய என்ன செய்யப் போறியள் அண்ணை?" என்று கேட்டேன்.

"திரும்பவும் புள்ளி சேர்க்கப் போறன். இந்தமுறை ரெண்டு டிக்கெட்டுக்கு" என்றார். "புதுசாக் கலியாணம் முடிச்ச ஆக்கள் தேனிலவுக்குப் போகவேணுமெல்லோ?"

சிரித்தார். பிறகு அந்தப் பழைய முகத்தோடு கையை நீட்டினார்.

"உங்கடை கறண்ட் பில் வந்திட்டுதே தர்சி?"

நான் வீட்டுக்குள் போய்ப் பில்லை எடுத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர்ப் பில்லையும் சேர்த்துத்தான்.